சிமா சியான்: பேரரசர் கேட்காத புத்தகம்

கேள்வி இதுதான்: பழைய சீனாவின் சிமா சியான் யார், அரசவையில் சம்பளம் வாங்கிக்கொண்டு எழுதியவரின் வரலாற்றை எப்படி நம்புவது, சாவைவிடக் கேவலமாக நினைக்கப்பட்ட ஒரு தண்டனையை அவர் ஏன் ஏற்றுக்கொண்டார்? மூன்றுக்கும் சேர்த்துத்தான் பதில் சொல்ல முடியும். ஏனென்றால் இரண்டாவது கேள்விக்குள் ஒரு தவறான எண்ணம் உட்கார்ந்திருக்கிறது, அதை எடுத்துவிட்டால் மூன்றாவது கேள்வி பாதி தீர்ந்துவிடும்.

அவரை அரசவை வரலாற்றாசிரியர் என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. அவர் வகித்த பதவியின் பெயர் தாய்ஷி லிங். அதில் வரும் 'ஷி' என்ற எழுத்துக்குப் பிற்காலத்தில் வரலாறு என்ற பொருள் நிலைத்துவிட்டதால் நாமும் அப்படியே எடுத்துக்கொள்கிறோம். ஆனால் கி.மு. 2ஆம் நூற்றாண்டில், சீனாவை ஆண்ட ஹான் வம்சத்தின் அரசவையில் அந்த அதிகாரியின் வேலை வானத்தைப் பார்ப்பது, நாட்காட்டியைச் சரிபார்ப்பது, சடங்குகளுக்கு நாள் குறித்துக் கொடுப்பது, நல்ல சகுனமோ கெட்ட சகுனமோ எது தெரிந்தாலும் குறித்து வைப்பது, கூடவே பழைய ஏடுகளைப் பார்த்துக்கொள்வது. அரண்மனை சோதிடரும் ஏடுகளின் காப்பாளரும் ஒரே ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சம்பளத் தரம் 600 ஷி தானியம் (இந்த ஷி ஒரு அளவு, வேறு எழுத்து), நடுத்தர அதிகாரிக்கு உரியது. அவரே பின்னாளில் ஒரு கடிதத்தில் தன் பதவியைப் பற்றிக் கசப்போடு சொல்கிறார்: நாங்கள் குறி சொல்கிறவர்களுக்குப் பக்கத்தில் வைக்கப்பட்டவர்கள், மேலிடம் எங்களை விளையாட்டுக்காகக் கூத்தாடிகளை வைத்திருப்பதுபோல வைத்திருந்தது, ஊரார் எங்களைப் பெரிதாக மதித்ததில்லை.

அதாவது, வரலாறு எழுது என்று அவருக்கு யாரும் உத்தரவு போடவில்லை. ஷிஜி என்று இன்று நாம் சொல்கிற அந்த நூல் அவர் குடும்பத்தின் சொந்த வேலை. அரசாங்க ஏடுகள் கைக்கு எட்டின, அது உண்மை. ஆனால் நூல் அரசாங்கத்துடையது அல்ல, பேரரசர் அதைக் கேட்கவும் இல்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு படித்தால்தான் மற்றது எல்லாம் புரியும்.

அவர் பிறந்தது மஞ்சள் ஆறு மலையிடுக்கைவிட்டு வெளியே வரும் லோங்மென் பக்கம், இன்றைய ஷான்ஷி மாகாணத்து ஹான்செங். பிறந்த ஆண்டு கி.மு. 145 என்று ஒரு கணக்கு, 135 என்று இன்னொன்று. பழைய உரைகளே ஒத்துப்போகவில்லை, அதை வைத்து ஆய்வாளர்கள் நூறு வருடமாகச் சண்டை போடுகிறார்கள், நாம் அதற்குள் போக வேண்டாம். அப்பாவின் பெயர் சிமா தான், அவரும் தாய்ஷி லிங் பதவியில் இருந்தவர். பையன் பத்து வயதில் பழைய எழுத்தில் இருந்த நூல்களைப் படித்தான் என்று தன் சுயவரலாற்றில் எழுதுகிறார். இருபது வயதில் கிளம்பி நாடு முழுக்கச் சுற்றினார். யாங்சே, ஹுவாய் ஆறுகள், வெள்ளத்தை அடக்கியதாகச் சொல்லப்படும் யூ மன்னனின் குகை என்று காட்டப்படும் இடம், கவிஞர் ச்சூ யுவான் குதித்து உயிர்விட்ட ஆறு, கன்பூசியஸின் ஊரில் அவர் வீடு, கோயில். இதைச் சுற்றுலா என்று நினைத்துவிடாதீர்கள். ஷிஜியில் அத்தியாய முடிவுகளில் "நான் அந்த இடத்துக்குப் போயிருக்கிறேன், அங்கே வயதானவர்கள் இப்படிச் சொன்னார்கள்" என்று வரும் வரிகளுக்கு இந்தப் பயணம்தான் முதலீடு. பிறகு அரண்மனையில் சிறு பதவி கிடைத்தது, தென்மேற்கே இன்றைய யுன்னான் பக்கம்வரை அரசு வேலையாகவும் போய்வந்தார்.

கி.மு. 110இல் பேரரசர் வூ, தாய் மலையில் வானத்துக்கும் பூமிக்கும் செய்யும் மாபெரும் சடங்குக்குப் புறப்பட்டார். நாள் பார்க்கிற, சடங்கு தெரிந்த சிமா தானுக்கு வாழ்நாளில் ஒருமுறை வருகிற விஷயம் அது. அவரை வழியிலேயே, லுவோயாங் பக்கம் தங்கும்படி விட்டுவிட்டார்கள். அந்த வருத்தத்தில் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. தெற்கிலிருந்து திரும்பிய மகன் வந்து பார்த்தபோது கையைப் பிடித்துக்கொண்டு அழுது, நான் எழுத நினைத்ததை நீ மறந்துவிடாதே, இத்தனை அறிவுள்ள மன்னர்களும் விசுவாசமான அமைச்சர்களும் வாழ்ந்து போயிருக்கிறார்கள், என் பொறுப்பில் அவை பதியாமல் போகிறதே என்றார். கி.மு. 108இல் மகன் அதே பதவிக்கு வந்தார். கி.மு. 104இல் நாட்காட்டித் திருத்தத்தில் பங்கேற்றார், ஏறக்குறைய அப்போதிலிருந்துதான் நூலை உட்கார்ந்து எழுதத் தொடங்கினார்.

அப்புறம் கி.மு. 99.

லீ லிங் என்ற இளம் தளபதி 5,000 காலாட்படையோடு வடக்கே சியோங்னு நாடோடிகளின் நிலத்துக்குள் போனான். எதிரில் முதலில் 30,000 குதிரைவீரர்கள், பிறகு 80,000 என்று பெருகியது. பல நாள் சண்டை போட்டுக்கொண்டே பின்வாங்கினான். ஒரே நாளில் ஐந்து லட்சம் அம்புகள் தீர்ந்தன என்று ஹான் வம்சத்து வரலாறு சொல்கிறது. எல்லைக்குத் திரும்பி வந்தவர்கள் சுமார் 400 பேர். லீ லிங் சரணடைந்துவிட்டான்.

இங்கே சிமா சியான் எழுதிவைத்திருக்கிற ஒரு காட்சி எனக்கு எப்போதும் நினைவில் இருக்கும். லீ லிங் ஜெயித்துக்கொண்டிருக்கிற செய்தி வந்தபோது அமைச்சர்களும் பிரபுக்களும் கிண்ணம் உயர்த்திப் பேரரசரை வாழ்த்தினார்கள். சில நாள் கழித்துத் தோற்ற செய்தி வந்தது, பேரரசருக்குச் சோறு இறங்கவில்லை, உடனே அதே வாய்கள் லீ லிங்கின் குற்றங்களைக் கண்டுபிடிக்க ஆரம்பித்துவிட்டன. சிமா சியானுக்கும் லீ லிங்குக்கும் நெருக்கம் ஒன்றும் இல்லை, ஒன்றாக ஒரு கிண்ணம் மது குடித்ததுகூட இல்லை என்று அவரே சொல்கிறார். ஆனாலும் பேரரசர் கேட்டபோது, இவன் தன்னால் முடிந்ததற்கு மேல் செய்திருக்கிறான், சரணடைந்ததும் பின்னால் ஹானுக்கு ஏதாவது நன்மை செய்யச் சமயம் பார்த்துத்தான் இருக்கும் என்று பேசிவிட்டார். பேரரசருக்கு ஆறுதலாக இருக்கும் என்றுதான் நினைத்தாராம்! அது வேறு மாதிரி போய்ச் சேர்ந்தது. அந்தப் படையெடுப்பின் தலைமைத் தளபதி லீ குவாங்லி, பேரரசரின் பிரியமான மனைவி ஒருத்தியின் அண்ணன், பெரிதாக எதுவும் சாதிக்காதவர். லீ லிங்கைப் புகழ்ந்தால் அவரைக் குத்திக் காட்டுகிறாய் என்று ஆனது. பேரரசரை ஏமாற்ற முயன்றார் என்று குற்றம், தண்டனை மரணம்.

(லீ குவாங்லி என்ன ஆனார் தெரியுமா? கி.மு. 90இல் அவரும் சியோங்னுவிடம் சரணடைந்தார். சிமா சியான் அப்போது உயிரோடு இருந்திருக்கக்கூடும், அதைக் கேட்டபோது என்ன நினைத்திருப்பார் என்று கற்பனை செய்வதை என்னால் நிறுத்த முடிந்ததில்லை.)

மரண தண்டனையிலிருந்து தப்ப அந்தக் காலத்தில் வழிகள் இருந்தன. பெரிய தொகை கட்டலாம், ஐந்து லட்சம் காசு என்று ஒரு கணக்கு அந்த ஆண்டுகளில் வருகிறது. அவரிடம் பணம் இல்லை, நண்பர்கள் யாரும் உதவவில்லை, பேரரசருக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. இன்னொரு வழி ஆண்மை நீக்கம். அதை ஏற்கிறவனை மனிதக் கணக்கிலேயே சேர்க்க மாட்டார்கள். மூதாதையர் தந்த உடலைக் குறையில்லாமல் திருப்பித் தருவது மகனின் கடமை என்று நம்பிய சமூகம் அது. எதிர்பார்க்கப்பட்ட மரியாதையான வழி மூன்றாவது: விசாரணைக்கு முன்பே தற்கொலை. லீ லிங்கின் தாத்தா, பேர்போன தளபதி லீ குவாங், கி.மு. 119இல் அதைத்தான் செய்தார். அறுபது வயது தாண்டிய நான் இந்த எழுத்தர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்வதா என்று கத்தியை எடுத்துக் கழுத்தில் வைத்துக்கொண்டார்.

சிமா சியான் வெட்டை ஏற்றுக்கொண்டார். காயம் காற்றுப் படாமல் ஆற வேண்டும் என்பதற்காக மூடிய வெதுவெதுப்பான அறையில் வைப்பார்கள், அதற்குப் பட்டுப்புழு அறை என்று பெயர், பட்டுப்புழு வளர்க்கிற அறையும் அப்படித்தான் மூடி இருக்கும் என்பதால். விடுதலையான பிறகு பேரரசரே அவருக்கு முன்பு இருந்ததைவிட உயர்ந்த, அரண்மனையின் உள்பக்கத்துச் செயலர் பதவியைக் கொடுத்தார். அண்ணகர்களுக்குக் கொடுக்கிற பதவி அது. சம்பளம் கூடியது, நினைத்துப் பார்த்தால் அதுவும் ஒரு தண்டனைதான்.

ஏன் என்ற கேள்விக்குப் பதில் ரென் ஆன் என்ற நண்பருக்கு அவர் எழுதிய கடிதத்தில் இருக்கிறது. பிற்பாடு பான் கு எழுதிய ஹான் வரலாற்றுக்குள் அது பத்திரமாக இருப்பதால் நமக்குக் கிடைத்தது. ரென் ஆன் அப்போது மரண தண்டனைக்குக் காத்திருந்தவர். தகுதியான ஆட்களைப் பேரரசரிடம் பரிந்துரைத்துப் பேசு என்று அவர் முன்பு கேட்டிருந்தார், அதற்கு வெகுநாள் கழித்து வந்த பதில் இது. இந்த உடம்பை வைத்துக்கொண்டு நான் யாருக்காகப் பேச முடியும் என்று தொடங்கி, தன் கதை முழுவதையும் கொட்டுகிறார். மனிதனுக்கு ஒரு சாவுதான், அது தாய் மலையைவிடக் கனமாக இருக்கலாம், அன்னத்தின் இறகைவிட லேசாகவும் இருக்கலாம் என்ற புகழ்பெற்ற வாக்கியம் இதில்தான் வருகிறது. சீனப் பள்ளிப் பிள்ளைகளுக்கெல்லாம் தெரிந்த வரி, 1944இல் மாவோ ஒரு சாதாரணப் படைவீரனின் இரங்கல் கூட்டத்தில் எடுத்துச் சொன்னதும் இதைத்தான். ஆனால் அந்த வரியைத் தனியே பிய்த்து எடுத்து வீர வசனமாக்குவது அநியாயம், ஏனென்றால் அங்கே அவர் சொல்ல வருவது நேர் எதிர்ப்பக்கம். நான் அன்று செத்திருந்தால் ஒன்பது மாடுகளில் ஒரு மயிர் உதிர்ந்த மாதிரி, எறும்பு செத்ததற்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை, கொள்கைக்காகச் செத்தவர்களோடு என்னை யாரும் சேர்க்க மாட்டார்கள், வேறு வழியில்லாமல் செத்தான் என்பார்கள். நூல் பாதியில் நிற்கிறது, அது முடியாமல் போவது பொறுக்கவில்லை, அதனால்தான் முகம் சுளிக்காமல் அந்தத் தண்டனையை ஏற்றேன் என்கிறார். அடுத்த சில வரிகளில் வீரம் ஒன்றும் மிச்சமில்லை: குடல் ஒரு நாளைக்கு ஒன்பது தடவை முறுக்குகிறது, வீட்டில் இருந்தால் எதையோ தொலைத்தவன் போல இருக்கிறேன், வெளியே போனால் எங்கே போகிறேன் என்று தெரிவதில்லை, அந்த அவமானத்தை நினைக்கும்போதெல்லாம் முதுகில் வேர்த்துத் துணி நனைகிறது. இரண்டாயிரம் வருடம் கழித்துப் படிக்கிற நமக்கும் வயிற்றைப் பிசைகிறது.

சரி, நூலுக்கு வருவோம். அவருடைய துயரக் கதையிலேயே நின்றுவிடுகிறவர்கள்தான் அதிகம். எனக்கு அதைவிடப் பெரிய விஷயம் அவர் நூலைக் கட்டிய விதம்.

மொத்தம் 130 அத்தியாயங்கள், 5,26,500 எழுத்துகள் என்று அவரே எண்ணிக் கொடுத்திருக்கிறார். பழங்கதை மன்னரான மஞ்சள் பேரரசரிலிருந்து தன் காலம்வரை இரண்டாயிரத்துச் சொச்ச வருடம். மூங்கில் பட்டைகளில் மையால் எழுதுகிற காலம். ஒரு பட்டையில் 30 எழுத்து என்று வைத்தால்கூட 17,000 பட்டைகளுக்கு மேல், அவற்றைக் கயிற்றில் கோத்துச் சுருட்டி வைக்க வேண்டும். தப்பாக எழுதினால் கத்தியால் சுரண்ட வேண்டும்.

இதை அவர் ஒரே ஓட்டமாகச் சொல்லவில்லை. ஐந்து வகையாகப் பிரித்தார். ஆட்சி செய்தவர்களின் வரலாறு 12, காலவரிசை அட்டவணைகள் 10, சடங்கு, இசை, நாட்காட்டி, வானியல், கால்வாய், பொருளாதாரம் போன்ற துறைகளைப் பற்றி 8, பிரபுக் குலங்கள் 30, கடைசியாகத் தனி மனிதர்களைப் பற்றி 70. ஒரே சம்பவம் மூன்று நான்கு இடங்களில் வரும், ஒவ்வொரு இடத்திலும் வேறு பக்கம் தெரியும். ஹான் வம்சத்தை நிறுவிய லியு பாங்கின் அத்தியாயத்தை மட்டும் படித்தால் கொஞ்சம் முரடர், ஆனால் பெரிய மனசுக்காரர் என்று தோன்றும். அவருடைய எதிரி சியாங் யூவின் அத்தியாயத்துக்குப் போங்கள். அங்கே லியு பாங் தோற்று ஓடுகிறார், வண்டி வேகமாகப் போகட்டும் என்று சொந்த மகனையும் மகளையும் வண்டியிலிருந்து தள்ளிவிடுகிறார், வண்டியோட்டி இறங்கித் தூக்கி ஏற்றுகிறார், மறுபடி தள்ளுகிறார், இப்படி மூன்று முறை. சியாங் யூ அவருடைய அப்பாவைப் பிடித்து வைத்துக்கொண்டு வேகவைத்துவிடுவேன் என்று மிரட்டும்போது, எனக்கும் ஒரு கிண்ணம் சூப் கொடுத்துவிடு என்று பதில் சொல்கிறார். இன்னொரு அறிஞரின் வரலாற்றில், தொப்பி போட்டுக்கொண்டு வருகிற கல்வியாளர்களைப் பார்த்தால் தொப்பியைப் பிடுங்கி அதில் சிறுநீர் கழிப்பவர் என்று போகிற போக்கில் வருகிறது. ஆளும் வம்சத்தின் முதல் பேரரசரைப் பற்றி, அதே வம்சத்தின் சம்பளத்தில் இருந்துகொண்டு எழுதியது இது. எழுத முடியாததை எழுதும் வழி, அதை வேறொருவர் அத்தியாயத்தில் வைப்பது. சீனத்தில் இதற்கே தனிப் பெயர் இருக்கிறது, ஒன்றுக்கொன்று பார்த்துக்கொள்ளும் முறை என்று.

யாரை எந்த வகையில் வைக்கிறார் என்பதும் ஒரு தீர்ப்புதான். சியாங் யூ பேரரசராக ஆனதே இல்லை, ஆனாலும் ஆட்சி செய்தவர்களின் வரிசையில் வைத்தார். லியு பாங்கின் மகன் பெயருக்குத்தான் அரியணையில் இருந்தான், ஆண்டது தாய் லூ பேரரசி. எனவே அத்தியாயம் அம்மா பெயரில். சென் ஷெ என்று ஒரு கூலி விவசாயி, கி.மு. 209இல் 900 பேரோடு காவல் வேலைக்குப் போகும்போது மழையில் மாட்டிக்கொண்டு நாள் தவறினான். தாமதமாகப் போனாலும் சாவு, கலகம் செய்தாலும் சாவு, அப்படியானால் கலகமே செய்வோம், மன்னரும் தளபதியும் ஆவதற்குத் தனி விதையா இருக்கிறது என்று கிளம்பினான். ஆறு மாதம்தான் மன்னனாக இருந்தான். அவனைப் பிரபுக் குலங்களோடு உட்காரவைத்திருக்கிறார், கன்பூசியஸ் இருக்கிற அதே வரிசையில். 70 தனி மனித அத்தியாயங்களில் கொலையாளிகள், கூலிக்கு வராத சண்டியர்கள், கோமாளிகள், மருத்துவர்கள், கொடூரமான அதிகாரிகள் எல்லாருக்கும் இடம் உண்டு. பணம் சேர்த்தவர்களுக்கும் ஒரு அத்தியாயம்: இரும்பு உருக்கியவர்கள் இருக்கட்டும், கத்தி சாணை பிடித்தவன், காயவைத்த ஆட்டு இரைப்பை விற்றவன், குதிரை வைத்தியன் எல்லாம் எப்படிப் பிரபுக்கள் போல வாழ்ந்தார்கள் என்று ரசித்து எழுதியிருக்கிறார். பேரரசர் வூ உப்பையும் இரும்பையும் அரசின் ஏகபோகம் ஆக்கி வணிகர்களைப் பிழிந்துகொண்டிருந்த நேரம் அது. ஏறக்குறைய நூற்றைம்பது வருடம் கழித்து வந்த பான் கு, இவர் பணக்காரர்களையும் சண்டியர்களையும் தூக்கிவைத்து எழுதிவிட்டார் என்று குறைபட்டுக்கொண்டார். ஆனால் அதே பான் கு, அவர் வீணாகப் புகழ்வதில்லை, தீமையை மறைப்பதும் இல்லை என்று சான்றிதழும் கொடுத்திருக்கிறார்.

இப்போது நம்பிக்கை பற்றி. ஒரே வார்த்தையில் பதில் கிடையாது, ஆனால் மண்ணைத் தோண்டும்போதெல்லாம் அவருடைய மதிப்பு பெரும்பாலும் கூடியிருக்கிறது. அவருக்கு 900 வருடங்களுக்கு முன்பே அழிந்துபோன ஷாங் வம்சத்து மன்னர் பட்டியல் ஒன்று கொடுத்திருக்கிறார். அது கட்டுக்கதை என்று சந்தேகப்பட்டவர்கள் இருந்தார்கள். 1899இல் குறிபார்க்கும் எலும்புகளும் ஆமை ஓடுகளும் அறிஞர்கள் கண்ணில் பட்டன, 1917இல் அறிஞர் வாங் குவோவெய் அந்த எழுத்துகளைப் படித்து ஒப்பிட்டபோது பட்டியல், சில இடங்களில் வரிசை மாறியிருந்தாலும், பெரும்பாலும் பொருந்தியது. சுன் வூ, சுன் பின் என்று இரண்டு போர்க்கலை ஆசிரியர்கள், இரண்டு தனி நூல்கள் என்று எழுதியிருந்தார். இருவரும் ஒருவரே என்று பின்னால் வாதிட்டார்கள். 1972இல் ஷான்டோங்கில் யின்சுவெஷான் கல்லறைகளிலிருந்து இரண்டு நூல்களும் மூங்கில் பட்டைகளில் தனித்தனியே கிடைத்தன. ஹானுக்கு முன் சீனாவை ஒன்றாக்கிய சின் பேரரசரின் கல்லறைக்கு ஏழு லட்சம் பேர் வேலை செய்தார்கள், உள்ளே பாதரசத்தில் ஆறுகள் ஓடின என்கிறார். அந்த மேட்டின் மண்ணைச் சோதித்தபோது பாதரசம் வழக்கத்தைவிட மிக அதிகமாக இருந்தது. ஆனால் 1974இல் கிணறு தோண்டியவர்கள் கண்டுபிடித்த அந்த ஆயிரக்கணக்கான சுடுமண் வீரர்களைப் பற்றி ஷிஜியில் ஒரு வரிகூடக் கிடையாது, அதையும் சொல்ல வேண்டும்.

தவறுகளும் உண்டு. கூட்டணி அரசியல் செய்த சூ ச்சின் பற்றிய அத்தியாயம் காலக்கணக்கில் குளறுபடி, 1973இல் மாவாங்துய் கல்லறையில் கிடைத்த பட்டு ஏடு அதைக் காட்டிக் கொடுத்துவிட்டது. வேடிக்கை என்னவென்றால், அந்த அத்தியாயத்தின் முடிவிலேயே, வேறு காலத்தில் நடந்ததையும் இவர் தலையில் கட்டிவிடுகிறார்கள் என்று சிமா சியானே எச்சரிக்கிறார். அப்புறம் மூடிய அறைக்குள் இரண்டே பேர் பேசிய சதித் திட்டம் வார்த்தைக்கு வார்த்தை வரும். யார் ஒட்டுக்கேட்டது? அது நாடகம், அந்தக் கால வரலாற்று எழுத்தில் அது அனுமதிக்கப்பட்ட நாடகம், அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும். படைகளின் எண்ணிக்கை லட்சங்களில் வந்தால் அப்படியே நம்பிவிடாதீர்கள்.

அவர் எப்படிச் சலித்தெடுப்பார் என்பதற்கு ஒரு உதாரணம் போதும். பின்னாளில் சின் பேரரசர் ஆன மன்னனைக் கி.மு. 227இல் கத்தியால் குத்தப்போன ஜிங் கே கதை. வானத்திலிருந்து தானியம் கொட்டியது, குதிரைக்குக் கொம்பு முளைத்தது என்பதெல்லாம் மிகை, ஜிங் கே மன்னனைக் காயப்படுத்தினான் என்பதும் பொய், என்று தள்ளிவிட்டு ஆதாரத்தைச் சொல்கிறார்: அன்று அவையில் இருந்து, கையிலிருந்த மருந்துப் பையைக் கொலையாளிமேல் வீசிய அரண்மனை மருத்துவர் சியா வூஜூவோடு பழகிய இரண்டு பேர் எனக்குச் சொன்னது இது. காலக்கணக்கைப் பார்த்தால் இந்த 'எனக்கு' என்பது மகன் அல்ல, அப்பா சிமா தானாக இருக்க வேண்டும் என்கிறவர்கள் உண்டு, எனக்கும் அது சரியென்றே படுகிறது. எத்தனை அத்தியாயங்கள் அப்பாவுடையவை என்பது இன்னும் ஓயாத விவாதம்.

நம் ஊர்க்காரர்கள் கட்டாயம் கேட்கிற ஒன்று: இந்தியா பற்றி ஏதாவது? உண்டு, கொஞ்சம். மேற்கே தூது போன ஜாங் ச்சியான், பாக்திரியாவில் (இன்றைய ஆப்கானிஸ்தான் பக்கம்) சந்தையில் தென்மேற்குச் சீனாவின் துணியையும் மூங்கில் கைத்தடியையும் பார்த்து ஆச்சரியப்பட்டு எங்கிருந்து வந்தது என்று கேட்டார். ஷென்துவில் வாங்குகிறோம் என்றார்கள். ஷென்து என்பது சிந்து. தாழ்ந்த, ஈரமான, சூடான நாடு, மக்கள் யானைமேல் ஏறிப் போர் செய்கிறார்கள், பெரிய ஆற்றங்கரையில் இருக்கிறது. கிடைப்பது ஏறக்குறைய இவ்வளவுதான். ஹுவாங்சி என்ற நாடு, அது காஞ்சிபுரம் என்று பல ஆய்வாளர்கள் கருதுவது, சிமா சியானின் நூலில் கிடையாது. அது பான் குவின் ஹான் வரலாற்றில் வருவது. இரண்டையும் குழப்பி நிறையப் பேர் எழுதுகிறார்கள்.

நூலுக்கு என்ன ஆனது? ஒரு பிரதியைப் புகழ்பெற்ற மலையில் மறைத்து வைப்பேன், இன்னொன்று தலைநகரில் இருக்கும் என்று எழுதியிருக்கிறார். கி.மு. 86 வாக்கில் இறந்திருக்கலாம், எப்படி என்பதற்குப் பதிவே இல்லை. எல்லாருடைய சாவையும் எழுதியவரின் சாவை யாரும் எழுதவில்லை. மகள் வயிற்றுப் பேரன் யாங் யுன்தான் பிறகு நூலை வெளியே கொண்டுவந்தார். அந்தப் பேரனும் ஒரு கடிதத்தில் மனக்குறையைக் கொட்டியதற்காக இடுப்போடு வெட்டிக் கொல்லப்பட்டார், குடும்பத்துக்கே கடிதம் ராசியில்லை. பான் கு காலத்திலேயே பத்து அத்தியாயங்கள் தலைப்பு மட்டும் இருந்து உள்ளே ஒன்றும் இல்லை. அதில் ஒன்று பேரரசர் வூவின் வரலாறு. தன் அப்பாவைப் பற்றியும் தன்னைப் பற்றியும் எழுதியதைப் படித்துக் கோபப்பட்டு பேரரசரே சுரண்டி எறிந்தார் என்று ஒரு பழைய கதை இருக்கிறது, அதை நான் அவ்வளவாக நம்புவதில்லை. ஏனென்றால் இன்னும் மோசமான அத்தியாயம் தப்பித்துவிட்டது. வானத்துச் சடங்குகளைப் பற்றிய அத்தியாயத்தில் சாகா மருந்து தேடி பேரரசர் ஒவ்வொரு மாயக்காரனிடமும் ஏமாறுவது வரிசையாக வருகிறது, லுவான் தா என்ற ஏமாற்றுக்காரனுக்குச் சொந்த மகளையே கட்டிக்கொடுத்தது உட்பட. அப்பா எந்தச் சடங்குக்குப் போக முடியவில்லை என்று ஏங்கிச் செத்தாரோ அதே சடங்கைப் பற்றித்தான் மகன் இப்படி எழுதியிருக்கிறார்.

ஆட்சியாளர்களுக்கு இந்த நூல் பல காலம் உறுத்தலாகவே இருந்தது. கி.பி. 192இல் அறிஞர் சாய் யோங்குக்கு மரண தண்டனை வந்தபோது, முகத்தில் பச்சை குத்துங்கள், காலை வெட்டுங்கள், ஹான் வரலாற்றை முடிக்க மட்டும் உயிரோடு விடுங்கள் என்று கெஞ்சினார். சிமா சியான் கதையை நினைத்துத்தான் கேட்டார் என்பது தெரிகிறது. அமைச்சர் வாங் யுன் சொன்ன பதில்: அன்று பேரரசர் வூ சிமா சியானைக் கொல்லாமல் விட்டதால்தான் ஒரு அவதூறு நூல் உலகத்தில் உலவுகிறது. சாய் யோங் சிறையிலேயே செத்தார்.

ஆனாலும் அந்த வடிவம் ஜெயித்தது. அதற்குப் பின் ஒவ்வொரு வம்சத்துக்கும் அதே அமைப்பில் வரலாறு எழுதி, 1739இல் மிங் வரலாறுவரை மொத்தம் 24 நூல்கள் ஆயின. 1145இல் கொரியாவில் எழுதிய மூன்று நாடுகளின் வரலாறுகூட இதே அச்சுதான். என் கருத்தில் இதில் ஒரு சோகம் உண்டு: தாங் வம்சத்தின் காலத்திலிருந்து (கி.பி. 7ஆம் நூற்றாண்டு) அரசாங்கமே அலுவலகம் வைத்துக் குழுவாக எழுத ஆரம்பித்தது, ஐந்து வகைப் பெட்டிகள் அப்படியே வந்தன, பெட்டிக்குள் இருந்த ஆள் வரவில்லை. நவீனச் சீன எழுத்தாளர் லூ சுன் இந்த நூலை எதுகை இல்லாத கவிதை என்ற பொருளில் புகழ்ந்தது அந்த ஆளுக்காகத்தான். ஹான்செங்கில் அவருக்குக் கோயில் இருக்கிறது. பக்கத்து ஊர்களில் ஃபெங், தோங் என்ற குடும்பப் பெயர்க்காரர்கள் தங்களை அவர் வம்சம் என்கிறார்கள். சிமா என்ற இரண்டு எழுத்துகளில் ஒன்றுக்கு இரண்டு கோடும் மற்றொன்றுக்கு ஒரு கோடும் சேர்த்து, பயத்தில் பெயரை மாற்றிக்கொண்டார்களாம்.

படிக்க ஆசைப்பட்டால் முதல் அத்தியாயத்திலிருந்து தொடங்காதீர்கள், பழங்கால மன்னர் பெயர்களிலேயே சலித்துவிடும். ஆங்கிலத்தில் பர்ட்டன் வாட்சன் மொழிபெயர்ப்பு ஓட்டமாக இருக்கும். ஏழாவது அத்தியாயம், சியாங் யூ, அதை முதலில் படியுங்கள். பிறகு எட்டாவது, லியு பாங். பிறகு 109ஆவது அத்தியாயம், லீ லிங்கின் தாத்தா லீ குவாங்கைப் பற்றியது. அந்தத் தளபதியை நான் நேரில் பார்த்திருக்கிறேன், நாட்டுப்புறத்தான் போல இருப்பார், பேசவே தெரியாது, அவர் இறந்த அன்று தெரிந்தவர் தெரியாதவர் எல்லாரும் அழுதார்கள் என்று முடிக்கிறார். பேரன் லீ லிங் போனது, தோற்றது, சரணடைந்தது எல்லாம் அதே அத்தியாயத்தின் கடைசிப் பக்கம் சில வரிகளில் முடிந்துவிடுகிறது. அந்த வரிகளே பின்னால் யாரோ சேர்த்தவை என்று நினைப்பவர்களும் உண்டு. எப்படியோ, அவனுக்காக ஒருவர் அவையில் வாய் திறந்தார் என்ற செய்தி அங்கே இல்லை.